கடலடிச் சேறும் நானும்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் நான் காவல் காத்தது சேற்றை. ஆழ்கடலின் தரையைத் துளைத்து, அதற்கும் வெகு கீழேயிருந்து எடுத்த சேறு. வெளிச்சம் எட்டாத அங்கேயும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. உணவு ஏறக்குறைய இல்லாததால், ஒன்று இரண்டாகப் பிரியவே நூற்றாண்டுகள் ஆகலாம் என்கிறார்கள். அவற்றுக்கு உணவு கொடுத்து எழுப்ப முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை.

சேற்றைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, ஆக்சிஜனை நீக்கி, ரப்பர் மூடி போட்டு, இருட்டு அலமாரியில் வைத்திருந்தோம். உயிர் விழித்தால் புட்டிக்குள் மீத்தேன் சேரும். ஊசியால் கொஞ்சம் வாயுவை உறிஞ்சி இயந்திரத்தில் செலுத்தினால் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறைதான் எடுக்கலாம். எனக்கோ கை சும்மா இருக்காது.

ஒருநாள் ஊசியோடு அலமாரி முன் நின்றதை, ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டர் பார்த்துவிட்டார்.

"போன வாரம்தானே எடுத்தீங்க? சும்மா சும்மா குத்துனா காத்து உள்ள போயிடும் லா. அதுங்களுக்குக் காத்துதான் விஷம்."

அவர் எப்போதும் நிதானமானவர். அந்த நிதானமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டிலும் நிலைகொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்து பால்கனிக்குப் போவேன், திரும்பி வருவேன். கணவர் ஒருமுறை கேட்டார்: "அது செத்துப்போச்சா, தூங்குதான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"தெரியல. அதான் பிரச்சினையே."

என் வேலை ஒப்பந்தம் முடியும்வரை ஒரு புட்டியிலும் மீத்தேன் வரவில்லை. மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் போனேன். காலையில் வரும் மாதிரிக்கு மதியத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ரயிலில் பழைய நிறுத்தத்தைக் கடக்கும்போதெல்லாம் எழுந்து கதவருகே நின்றுவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் அழைத்தார்.

"ஒரு புட்டியில மீத்தேன் வந்திருக்கு. மூணு தடவ செக் பண்ணிட்டேன்."

மீனை வெட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன்.

கணினித் திரையில் நேர்க்கோடாகவே நான் பார்த்துப் பழகிய இடத்தில் சிறிய மேடு எழுந்திருந்தது. கண் கலங்கியது. நான் அங்கே இருந்தபோது வரவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

"திரும்பி வர்றீங்களா? ஒரு இடம் காலியாகப் போவுது," என்றார் டாக்டர்.

"முடியாது டாக்டர். இன்னொரு தடவ இப்படிக் காத்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

அவர் சிரித்தார். "நான் மட்டும் என்னவாம்? தினமும் நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து அலமாரியத் திறந்து பார்த்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ரூம்ல உக்காந்திருப்பேன்."

புட்டியை வெளியே எடுத்துக் காட்டினார். அடியில் சாம்பல்நிறச் சேறு, மேலே தெளிந்த நீர். வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இருவரும் மாறி மாறிக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.