இரண்டு தரம் கூட்டின சருகு

நான் ஆறாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவன். டென்மார்க்குக்கு வந்து மீன் ஃபக்டரியில் தொடங்கி, புரொண்பியில் சொந்த வீடு வாங்கி நிமிர்ந்தவன். சுவரோடு சுவர் ஒட்டின பன்னிரண்டு வீடுகள், நடுவில் பொதுப் புல்வெளி, ஓரத்தில் சைக்கிள் கொட்டில். குழாயைத் திறந்தால் சுடுதண்ணி, ஐந்து நிமிஷம் நடந்தால் பஸ். இதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேணும்?

குறை சொன்னது என் மனிசிதான். முதியோர் இல்லத்துச் சமையல் வேலையிலிருந்து பென்சன் எடுத்த பிறகு, கதைக்க ஆளில்லாமல் தவித்தாள். "பக்கத்து வீட்டு மனிசி ஹாய் எண்டுறா, கதவைச் சாத்துறா. வீடு இருந்தென்ன?" என்பாள்.

அக்டோபரில் வீட்டுக்காரர் சங்கத்திலிருந்து ஒரு கடதாசி வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லா வீட்டாரும் சேர்ந்து சருகு கூட்ட வேண்டுமாம். மனிசிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. முதல் நாளே உறைப்பாய் இறைச்சிக் கறி வைத்து நாற்பது ரோல்ஸ் சுற்றிப் பொரித்து வைத்தாள்.

வேலைக்கு எப்பவும் முதல் ஆளாகப் போய்ப் பழகினவன் நான். வெளிச்சம் வந்ததும் இறங்கினேன். பத்து மணிக்குள் முழுப் புல்வெளியும் கூட்டி, பதினான்கு பையில் சருகை அடைத்து, கொட்டிலும் கழுவிவிட்டேன். எழுபது வயதில் வேறை ஆர் செய்வான்?

சனம் சருகுவாரியும் கோப்பிப் போத்தலுமாக வந்தது. வெறும் புல்லைப் பார்த்தது. சங்கத் தலைவர், நெட்டை மனுசன், "எல்லாம் நீங்கள் தனியவா?" என்று டேனிஷில் கேட்டார். நெஞ்சை நிமிர்த்தினேன். நன்றி சொன்னார். ஒவ்வொருவராக வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

மனிசி ரோல்ஸ் தட்டத்தோடு வாசலில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, பெரிய வீரன்! அதுகள் கூட்டவே வந்ததுகள்? கூடிக் கதைக்க வந்ததுகள்!"

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"கொட்டுங்கோ."

"என்னத்தை?"

"சருகைத்தான். திரும்பக் கொட்டுங்கோ!"

கொட்டினேன். முதல் பை கவிழ்ந்ததும் நெட்டையர் நின்று பார்த்தார். மூன்றாவது பையில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தானே வந்து நாலாவதைக் கவிழ்த்தார். போன சனம் திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டு மனிசி ஒரு ரோல்ஸைக் கடித்துவிட்டு, உறைப்பில் கண் கலங்கித் தண்ணி கேட்டா. மனிசி அவவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் கூட்டி முடித்த பிறகும் குசினியில் இரண்டு பேரின் சிரிப்பும் கேட்டது.

ஒரே சருகை ஒரே நாளில் இரண்டு தரம் கூட்டினவன் அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் நான் ஒருத்தன்தான்.