எது கடன், எது கொடை

மட்டக்களப்பு புளியந்தீவிலிருந்து 1984இல் மொன்றியலுக்கு அகதியாக வந்தவள் றோஸ்மேரி. அடுத்த ஆண்டு குடியேற்ற அனுமதி கிடைத்த கையோடு கல்லூரியில் சேர்ந்தாள். மாணவர் உதவிப் படிவத்தில் பிரெஞ்சில் இரண்டு சொற்கள் இருந்தன. ‘பிரே’ என்றால் திருப்பிக் கட்டவேண்டிய கடன்; ‘பூர்ஸ்’ என்றால் கொடை. அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன. கேட்கக்கூடிய தொகை முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கலர் டிவி வாங்கினாள், தம்பியின் விமானச் சீட்டுக்குக் காசு அனுப்பினாள். பாடங்கள் விளங்காமல் பாதியில் படிப்பை விட்டாள்.

சில மாதம் கழித்து, கடனைத் திருப்பிக் கட்டச் சொல்லி வங்கிக் கடிதம் வந்தது. அப்போது நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு பேக்கரியில் பாண் அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுகையை விட வெட்கம்தான் வந்தது. ஒரு வாரம் ஒளித்துவைத்துவிட்டு, பிறகு துணிந்து வங்கிக்கே போனாள். அங்கிருந்த பெண் திட்டவில்லை. தவணையைச் சிறிதாக்கித் தந்தாள்.

“இதை முதலே ஒருத்தரும் சொல்லல்லயே” என்ற கோபம் மட்டும் போகவில்லை.

1987இல் மாலை வகுப்பில் மறுபடி சேர்ந்தபோது, கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் நாலு தமிழ்ப் பிள்ளைகள் அதே படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

“முழுசா எழுது மச்சான், அரசாங்கக் காசுதானே!” என்றான் பற்றிக் என்பவன்.

றோஸ்மேரி கதிரையை இழுத்துப்போட்டு அவர்களோடு உட்கார்ந்தாள். தன் கதையை ஒளிக்காமல் சொன்னாள். வாடகை, புத்தகம், பஸ் பாஸ் மூன்றையும் எழுதவைத்து, பகுதிநேரச் சம்பளத்தைக் கழித்து, மிஞ்சியதை மட்டும் கேட்கச் சொன்னாள். படித்து முடித்தால் முதல் வேலையில் என்ன சம்பளம் கிடைக்கும், அதில் மாதம் எவ்வளவு கட்டலாம் என்றும் கேட்டாள். பற்றிக் தொகையை வெட்டிப் பாதியாக்கினான்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் தேவாலய நிலவறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இப்படிக் கணக்குப் பார்க்கக் கூடத் தொடங்கினார்கள். ஒருநாள் யோகராணி வந்தாள். தாதிப் படிப்பில் கடைசி ஆண்டு. கையில் இரண்டு வயதுக் குழந்தை. படிப்பை விட்டுவிட்டு, புறநகரான புவாண்ட்-கிளேரில் முழுநேர வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

“கடன் கேக்கல்லயா?”

“வேணாங்கா. நீங்க பட்ட பாட்டக் கேட்டபிறகு கடன் எண்டாலே பயமாக் கிடக்கு.”

றோஸ்மேரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தான் சொன்ன கதை இவளை இப்படி மிரட்டியிருக்கிறதே!

“நான் கடன் எடுத்தது பிழையில்லகா. என்ன எண்டு தெரியாம எடுத்ததுதான் பிழை. உனக்கு இன்னும் எட்டு மாசம். பிள்ளையப் பாக்கிற கார்டெரிக் காசும் வாடகையும் மட்டும் எடு. தாதிச் சம்பளத்தில மூண்டு வருசத்தில கட்டிரலாம். இப்ப விட்டா, படிச்ச ரெண்டு வருசமும் வீண்.”

இருவரும் மாலை வரை கணக்குப் போட்டார்கள். யோகராணி இரண்டு முறை அழித்து எழுதினாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

1989 வைகாசியில் பக்கத்து நகரான லொங்குய்யில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை வெள்ளைச் சீருடையோடே நிலவறைக்கு வந்து, “இனி நானும் சொல்லிக் குடுக்கிறன்” என்றாள். அன்று ஹெய்ட்டிப் பெண்கள் மூன்று பேர் படிவங்களோடு வாசலில் நின்றார்கள். றோஸ்மேரி தன் உடைந்த பிரெஞ்சில் அவர்களை உள்ளே கூப்பிட்டாள். யோகராணி கதிரைகளை இழுத்துப் போட்டாள்.