பதிலுக்குக் காத்திருக்கிறோம்

இறந்துபோன ஒருவருக்கு ஒரு வருடம் மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்களைக் காணோமே, எங்கள் மேல் கோபமா?" என்று.

மின்னஞ்சல் போட்டு வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கிற தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த அவஸ்தை புரியாது.

வேலை கிடைத்த விதம்

எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருடம் நான் அவுட்வர்ட் கிளார்க். போகிற தபாலுக்கு நம்பர் போட்டு அனுப்புவது என் மேஜை. வருகிற தபால் இன்வர்ட் மேஜை, வேறு ஆள். ஒருவர் மேஜையை இன்னொருவர் தொடக்கூடாது. அது ஆபீஸ் மரியாதை.

ரிட்டயர் ஆன பிறகு பள்ளிவாசல் என்கிற மலையூரில் ஒரு தேயிலைக் கடையில் கூப்பிட்டார்கள். முதலாளி முருகேசன், சின்ன வயது. சுற்றுலா வருகிறவர்கள் நோட்டில் மின்னஞ்சல் முகவரி எழுதிவிட்டுப் போவார்கள். திங்கள்தோறும் அவர்களுக்கு ஒரு கடிதம் போகவேண்டும். எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது என்றேன். முருகேசன் சிரித்தான்.

"முப்பது வருசம் தபால் அனுப்புன கை சார். இதுவும் அதேதான்."

நானும் நம்பினேன்.

அப்பாவுக்குப் போன கடிதம்

முதல் கடிதத்திலேயே வினை. பெயரில் முதலில் இருப்பதை எடுத்து "அன்புள்ள" என்பதற்குப் பக்கத்தில் போடுகிற ஏற்பாடு அது. நம் ஆட்கள் முதலில் இனிஷியல் எழுதுவார்கள் என்று அந்த மென்பொருளுக்கு யார் சொல்வது? அன்புள்ள எம், அன்புள்ள கே என்று ஊர் பூராவும் போய்விட்டது.

மதுரையிலிருந்து ஒருவர் போனில் பிடித்தார். வெங்கடேசன் என்று பெயர். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சரி செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் விடவில்லை.

"எம்ங்கிறது எங்கப்பா சார். அவரு காப்பிதான் குடிப்பாரு."

ராவுத்தர்

பாலக்காட்டு வெல்ல வியாபாரி. வருடத்துக்கு இரண்டு முறை சம்சாரத்தோடு மாட்டுப்பட்டி அணை பார்க்க வருவார். திரும்பும்போது எங்கள் கடை. பாக்கெட்டில் போட்ட தேயிலையைத் தொடமாட்டார். நேரே உள்ளே போய், பாக்கிங் பார்க்கும் பேச்சியம்மாளிடம் நிற்பார். அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், முட்டி போனதால் இங்கே வந்தாள். டஸ்ட் மூன்று பங்கு, இலை ஒரு பங்கு, ஏலக்காய்த் தோல் ஒரு கை என்று அவருக்கென்று ஒரு கலவை வைத்திருந்தாள். பட்டியலில் அது கிடையாது. ஊருக்குப் போன பிறகும் மாதம் ஒரு தடவை போன் பண்ணி, "பேச்சி தூளு" என்பார். பார்சல் போகும்.

கடைசியாக வந்தபோது என் மேஜைப் பக்கம் வந்தார்.

"ஏனுங்க, கடுதாசியெல்லாம் நல்லாத்தானுங்க எழுதறீங்க. நான் எழுதுனதுக்கு மட்டும் ஒரு வரி காணோமுங்களே?"

எனக்கு அவசர வேலை. போன் பண்ணுங்கள் போதும் என்றேன்.

காணோமே கடிதம்

மூன்று மாதம் எதுவும் வாங்காதவருக்குத் தானாகவே போகும்படி ஒரு கடிதம் வேண்டும் என்றான் முருகேசன். எழுதிக் கொடுத்தேன். "உங்களைக் காணோமே" என்று ஆரம்பித்து, "உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று முடித்தேன். ஆபீஸ் கடிதம் அப்படித்தான் முடியும். கை தானாக எழுதியது.

யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று மென்பொருள் காட்டும். ராவுத்தரிடமிருந்து போன் நின்றுபோயிருந்தது. ஆனால் எந்தக் கடிதம் போனாலும் அன்றைக்கே திறந்திருந்தது. முருகேசனுக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களா சார், மனுசன் ஒண்ணு விடாம படிக்கிறாரு. இன்னும் ரெண்டு தட்டுங்க, வந்துருவாரு."

தட்டினேன்.

திறக்காத பெட்டி

ஒருநாள் பேச்சியம்மாள் ஒரு டப்பாவோடு வந்து நின்றாள். ராவுத்தருக்கு என்று எடுத்து வைத்த ஏலத்தோல், பூத்துப்போயிருந்தது.

"கிளார்க்கய்யா, அவரு கேட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கடுதாசி ஏதும் போடலியா?"

"இல்லை" என்றேன்.

"எங்கன பாத்தீரு?"

எங்கேயும் பார்க்கவில்லை. வருகிற தபால் என் மேஜை இல்லையே. அந்தக் கடையில் இன்வர்ட் மேஜையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் நகரவில்லை. மின்னஞ்சலில் பதில் வந்து விழுகிற பெட்டியைத் திறந்தேன். பதில்கள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. ராவுத்தர் எழுதியவற்றுக்கு மேலே, அதே முகவரியிலிருந்து புதிதாக நான்கு. எழுதியது அவர் சம்சாரம். பேச்சிக்குப் படிக்க வராது. சத்தமாக வாசித்தேன்.

"அவர் மவுத்தாகிவிட்டார். அவர் பெயர் போட்டு எழுத வேண்டாம்."

"அவர் குடித்த தூள் வேண்டும். வருஷ பாத்திஹா ஓத வருகிறவர்களுக்கு அதில்தான் டீ கொடுக்க வேண்டும் என்று ஆசை. கலவை எனக்குத் தெரியாது."

"இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது."

"பாத்திஹா முடிந்துவிட்டது. கடைத்தூளில் போட்டுக் கொடுத்தேன்."

கடைசிக் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சவுண்டா வாசிச்சீரே, ஒரு வருசம் முன்னாடி வாசிச்சிருக்கப்படாதா?"

பாலக்காடு

அன்றைக்கே அவள் தூள் கலந்தாள். பார்சலில் போடலாம் என்றேன். "நீரு கொண்டு போவும்" என்றாள். போனேன். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க மடியில் டப்பா.

வெல்ல மண்டியில் அந்த அம்மாதான் உட்கார்ந்திருந்தார். ராவுத்தருடைய போன் பக்கத்தில் சார்ஜில் இருந்தது. யார் என்று சொன்னேன். வாங்க என்றார். டப்பாவைத் திறந்து முகர்ந்தார். உடனே மூடிவிட்டார். மூடியின் மேல் கை அப்படியே இருந்தது.

போன் பண்ணியிருக்கலாமே அம்மா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவருக்குக் கோபம்கூட இல்லை.

"பதிலுக்குக் காத்திருக்கோம்னு நீங்கதானுங்க போட்டிருந்தீங்க. அதை நம்பி நானும் காத்திருந்தேனுங்க."

இப்போது தினமும் காலையில் பெட்டி திறக்கிறது, நான் வாசிக்கிறேன், பக்கத்தில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என்ன பதில் போடவேண்டும் என்று சொல்கிறாள். என் அட்டையில் வாடிக்கையாளர் தொடர்பு மேலாளர் என்று அடித்திருக்கிறார்கள், அந்த வேலையைப் பார்ப்பது பேச்சியம்மாள்.