ஹோர்னில் உடைப்பெடுத்த குளம்

ஆம்பிளிபயர் வாடகைக்கு விடுகிறவனுக்கு முதல் பாடம் பற்றரி. இரண்டாவது, மைக்கில் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது. முதலாவதைத் தொழில் தொடங்கிய அன்றே படித்தேன். இரண்டாவதைப் படிக்க ஒரு மனிதர் சாகவேண்டியிருந்தது.

கிளிநொச்சிப் பக்கக் குடியேற்றங்களை மின்சாரம் எட்டிப்பார்க்காத காலம். கார் பற்றரியில் ஆம்பிளிபயரை ஓட்டி, மரத்தில் ஒலிபெருக்கி ஹோர்ன் கட்டிப் பிழைத்தேன். ஒரு மார்கழியில், குளத்துக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் விழா. கொழும்பில் சித்திரம் படித்துவிட்டு அங்கே படிப்பிக்க வந்த சிவராசா மாஸ்டர் ஒரு நாடகம் போட்டார். நல்ல பிள்ளை. அர்த்தமில்லாததைக் காட்டிச் சனத்தைக் குழப்பவேண்டும், பிறகு ஒரே அடியில் அதிரவைக்கவேண்டும், அப்போதுதான் தூங்குகிற மூளை விழிக்கும், வெளிநாட்டில் இப்போது கலை இப்படித்தான் என்று வயர் இழுத்துக்கொண்டிருந்த என்னிடம் விளக்கினார். எனக்கென்ன, மழையில் வயர் நனையாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

பொழுது சாய நாடகம் தொடங்கியது. ஒருவன் உட்காரும் கதிரையை, நாலு காலும் மேலே தெரிய, தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். இன்னொருவன் வெறும் வாளியைச் சரித்து வெறும் நிலத்துக்கு நீர் ஊற்றி, நெல் சிரிக்கிறது, நெல் சிரிக்கிறது என்றான். சனம் முகத்தைச் சுளித்தது. என் பக்கத்தில் பாயில் இருந்த கந்தையா அண்ணை மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர்.

"விசர்க்கூத்துத்தான். ஆனா நல்லாயிருக்கு" என்றார். மனைவி அன்னமக்கா அவரை இடித்து அடக்கினார்.

திடீரென்று பெற்றோல்மக்ஸ் விளக்கு இரண்டையும் அணைத்தார்கள். இருட்டில் என் ஹோர்ன் மாஸ்டரின் குரலில் சொன்னது: "குளம் உடைப்பெடுத்திட்டுது."

மாஸ்டர் எதிர்பார்த்தது அலறல். அது வரவில்லை. அந்த ஊரில் இந்தச் சொல்லைப் பகிடிக்கும் சொல்லமாட்டார்கள். கேட்டால் பெண்கள் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஓடவேண்டும். வீட்டுக்கொரு ஆண் மண்வெட்டியோடு குளக்கட்டுக்கு ஓடவேண்டும். அன்றும் அப்படியே ஓடினார்கள். நான் மைக்கைப் பறித்து, பொய், நாடகம், திரும்பி வாருங்கள் என்று கத்தினேன். மழைக்காற்றில் அது கட்டுவரை போய்ச் சேரவில்லை.

குளம் தளும்பிக்கொண்டு நின்றது, உடையவில்லை. முதல் ஆளாய் ஓடிய கந்தையா அண்ணை இருட்டில் உடைப்பை அடைக்கவென்று கட்டின் அடியில் மண் வெட்டக் குனிந்த இடத்தில் அவரைப் புடையன் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே வண்டியில் முடிந்துவிட்டார்.

செத்தவீட்டுக்கு மாஸ்டர் வந்தார். சனத்தை விழிக்கவைக்கத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னார். அன்னமக்கா சத்தம் உயர்த்தவில்லை.

"மாரி முழுக்க நாங்கள் கண்மூடாமல் கிடக்கிற சனம், தம்பி. எங்களையோ எழுப்ப வந்தனீங்கள்?" என்றார். பிறகு, "அவர் ஒராள்தான் உங்கட நாடகத்துக்குச் சிரிச்சவர்" என்றார்.

மாஸ்டர் முற்றத்து மழையில் இறங்கி நின்று அழுதார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. பாவம் என்றும் நினைப்பேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விசர்க்கதை எவ்வளவும் பேசட்டும், கதிரையைத் தலையில் வைக்கட்டும், விட்டுவிடுங்கள். ஆனால் கேட்ட உடனே சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் சொல் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். அது என்னவென்று ஊராரிடம் கேட்டுவிட்டு ஹோர்னைக் கட்டுங்கள்.