குறை சொல்லவே வந்தவர்கள்

மதுக்கடையில் பரிமாறுகிறவன் பழகிக்கொள்ள வேண்டியது குடியின் வாசனையை அல்ல, வாடிக்கையாளரின் அபிப்பிராயத்தை. வாசனை ஒரு வாரத்தில் பழகிவிடும். மற்றது பழகவே பழகாது. சாப்பாட்டுக் கடையோ துணிக்கடையோ, எந்தக் கல்லாவுக்குப் பின்னாலாவது நின்று சிரித்துச் சிரித்துத் தாடை வலி கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு தொடங்கி, கனடாவின் மொன்றியல் நகரின் வடக்கே அஹுன்ட்சிக் என்ற பகுதியில் ஒரு பழைய தவேர்னில் வேலை செய்தேன். தவேர்ன் என்றால் அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து உட்கார்ந்து பியர் குடித்துக் கதைத்துவிட்டுப் போகும் பழைய பாணிக் கடை. நான் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. ஆகவே பியரைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் மறுத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. மனைவி அப்போது கொழும்பில் இருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டுமானால் எனக்கு நிலையான வேலை இருக்க வேண்டும். அந்தக் கடை நிலைத்தால்தான் நான் குடும்பஸ்தன், இல்லாவிட்டால் மறுபடி தனிக்கட்டை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாடிக்கையாளர்கள் பேசியதெல்லாம் கெபெக் மாகாணத்துப் பிரெஞ்சு. என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே தருகிறேன்.

மூடிய கிளாஸ்

முதல் நாள். ஜன்னலோர மேசையில் கஸ்தோன் என்று ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பாதி பியர் குடித்துவிட்டு, கிளாஸுக்கு அடியில் வைக்கிற வட்ட மட்டையை எடுத்து கிளாஸின் மேலே மூடிவிட்டு எழுந்து போனார். நான் வளர்ந்த வீட்டில் சாப்பிட்டு முடித்தவர் இலையை மூடுவார். மூடினால் போதும் என்று அர்த்தம். கிளாஸை எடுத்தேன், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினேன், மேசையைப் பளபளவென்று துடைத்துவிட்டு நல்ல பெயர் வாங்கக் காத்திருந்தேன்.

அவர் கழிவறைக்குத்தான் போயிருந்தார். மட்டையால் மூடினால் திரும்பி வருகிறேன், யாரும் தொடாதே என்பது அங்கே எழுதாத சட்டம். வெறும் மேசையைப் பார்த்தபடி அவர் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. முதலாளி ரெயாலிடம் போய்ச் சொன்னார்: "கடை வரவர மோசமாப் போகுது. இந்தப் பொடியனாவது மேசை துடைக்கிறான், இவனை மட்டும் விட்டிடாதை."

மதாம் லூசீல் பார்க்க வந்தது

ஒரு காலத்தில் தவேர்னுக்குள் பெண்களை விடமாட்டார்கள். எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர் மதாம் லூசீலின் கணவர் உள்ளே இருக்க, இந்த அம்மா குளிரில் வாசலில் நின்று ஆளனுப்பிக் கூப்பிடுவாராம். பிறகு சட்டம் மாறியது. மாறிய அன்றே நல்ல கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர்தான். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் அதே நாற்காலி.

இத்தனை வருடம் வருகிறீர்களே, கடையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நாலு பக்கமும் திரும்பி, இன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்: "அந்த மனுசன் வீட்டுக்கு வராமல் இஞ்சை என்னத்தைக் கண்டவர் எண்டு பாக்க வந்தனான். இருவது வருசமாப் பாக்கிறன், ஒண்டையும் காணேல்லை."

புகை போன பிறகு

இரண்டாயிரத்து ஆறில் கடைகளுக்குள் சிகரெட் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. எனக்குச் சந்தோஷம், இனி சட்டை நாறாது என்று. ஆனால் எத்தனையோ வருடப் புகை விலகிய பிறகுதான் அந்தக் கடையின் சொந்த மணம் வெளியே வந்தது. தரைப் பலகைக்குள் ஊறிய பழைய பியர், கழிவறை, வினிகர் போத்தலில் மிதக்கும் அவித்த முட்டை எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றன. ரெயால் மூன்று விதமான திரவம் வாங்கிக் கழுவிப் பார்த்தார். அதற்குப் பிறகு நாலு விதமாக மணத்தது.

கூட்டம் பாதியாகக் குறைந்தது. இந்தக் குளிர்காலமும் இப்படிப் போனால் விற்றுவிடுவேன் என்று ரெயால் எங்களிடம் சொன்னார். அன்றிரவு கொழும்புக்கு எடுத்த தொலைபேசியில் நான் காலநிலையைப் பற்றி மட்டும் பேசினேன். கடையில் மிஞ்சியிருந்தது குறை சொல்லும் கோஷ்டி மட்டும்தான், ஒருநாள் தவறாமல் வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த கஸ்தோனின் தீர்ப்பு இது: "புகை இருக்கேக்க இந்தக் கடை எவ்வளவு துப்புரவா இருந்தது."

ஜன்னலோர மேசை

அந்த ஜனவரியில் கஸ்தோன் கிளாஸை மட்டையால் மூடிவிட்டு சிகரெட் பிடிக்க வெளியே போனார். வாசற்படியில் ஐஸ். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். கடையை மூடும்போது அந்தக் கிளாஸை எடுக்கப் போனேன். மதாம் லூசீல் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். மூடி வைத்திருக்கிறார் அல்லவா, வருவார் என்றார்.

கிளாஸ் அங்கேயே இருந்தது. வாரக்கணக்காக இருந்தது. ஜன்னலோரம் வெயில் விழும் நாளிலும் அங்கே ஒருவரும் உட்காரவில்லை. நான் கிளாஸைச் சுற்றித் துடைத்தேன். ரெயால் பார்த்தும் பாராததுபோல் போனார். சமையலறையில் வேலை செய்த தவம் அண்ணை, எங்கள் ஊர்க்காரர், வாயில் எப்போதும் கேலிதான். அவர்கூட அந்த மேசையைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். வாய் ஓயாமல் கடையைத் திட்டுகிற இந்த மனிதர்களுக்குள் இப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. கோயிலில்கூட நான் அப்படி உணர்ந்தது குறைவு.

பனி கரையும் நேரத்தில் கஸ்தோன் வாக்கர் எனும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரும் கைதட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவர் உட்கார்ந்து, மட்டையை நீக்கி, அடியில் வற்றிக் கிடந்ததை முகர்ந்து பார்த்தார். எனக்குக் கண் கலங்கி நின்றது. அவருக்கு அதெல்லாம் இல்லை. "இடுப்பு முறிஞ்சும் வந்திருக்கிறன், நீங்கள் இந்தப் பியரை இன்னும் திருத்தேல்லை."

வாங்க வந்தவர்

அடுத்த மாதம் ஒரு நல்ல மேலங்கி உள்ளே வந்தது. அதற்குள் இருந்தவர் கடையை வாங்கிக் காப்பிக் கடையாக்க நினைப்பவர். வாடிக்கையாளர்களோடு பேசிப் பார்க்கப் போகிறார், அவர்களிடம் மூச்சு விடாதே என்று ரெயால் எனக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் விடவில்லை. கஸ்தோனின் பக்கத்து மேசையை மட்டும் மூன்று தடவை துடைத்தேன்.

அவர் கஸ்தோனின் பக்கத்தில் உட்கார்ந்து, இடம் எப்படி என்று பொதுவாகக் கேட்டார். கஸ்தோன் பியரில் தொடங்கி, வாசற்படிக்கு வந்து, தன் இடுப்பில் முடித்தார். மற்றொருவர் சூடேற்றும் குழாய் பிப்ரவரியில் எப்படி இருமும் என்று இருமிக் காட்டினார். மதாம் லூசீல் வாங்க வந்தவரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெண்கள் கழிவறையைக் காட்டினார். சாமான் அறையை மாற்றிக் கட்டியது அது, கதவு பூட்டாது. உள்ளே ஆள் இருப்பது தெரிய இருபது வருடமாகத் தான் பாடிக்கொண்டுதான் இருப்பதாகச் சொல்லி, இரண்டு வரி பாடியும் காட்டினார்.

இதெல்லாம் திருத்திவிடலாம் என்று அந்த மனிதர் சொன்னார். இதுவே காப்பிக் கடையானால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று பரிவாகவும் கேட்டார். ஒரு இடமும் போகமாட்டோம், காலையிலிருந்தே வந்து உட்காருவோம், காப்பியைப் பற்றியும் எங்களுக்கு நிறையத் தெரியும் என்றார் கஸ்தோன். மேலங்கிக்காரர் சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மிச்ச பியரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். கிளாஸை மூடவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. மறுவாரம் ரெயாலே முழங்காலில் நின்று வாசற்படியை உடைத்துப் புதிதாகக் கட்டினார். விற்பது பற்றிய பேச்சு அதன்பிறகு எழவில்லை, என் மனைவியும் வந்து சேர்ந்தாள். வந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று கஸ்தோனை ஒருநாள் தனியாகக் கேட்டேன். பியரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன, நாங்கள் முப்பது வருசமாச் சொல்லுறதைத்தான் சொன்னனாங்கள். அண்டைக்குத்தான் ஒருத்தன் காது குடுத்துக் கேட்டவன்."

ஒரு கடையைக் காப்பாற்ற அதைப் புகழ்பவர்கள் தேவையில்லை, நாள் தவறாமல் வந்து திட்டுபவர்கள் நாலு பேர் போதும் என்பதைக் கண்ணால் கண்டவன் நான், ஆனாலும் என் சேவையைப் பற்றி அவர்கள் நாலு பேரும் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.