பீர்க்கங்காயின் நுனி

பீர்க்கங்காயின் நுனியைக் கடித்தால் முதலில் பச்சைத் தண்ணீரின் ருசிதான் வரும். கசப்பு இருந்தால் அது சற்றுப் பொறுத்து அடிநாக்கில் வந்து உட்காரும். மார்க்கையன்கோட்டையில் எங்கள் கிணற்றடி வேலியில் நாலைந்து கொடிகள் பின்னிக் கிடந்தன. எது கசக்கும் என்று பார்வைக்குத் தெரியாது என்பதால், நறுக்குமுன் ஒவ்வொரு காயின் நுனியையும் கடித்துத் துப்பிப் பார்ப்பது வீட்டு வழக்கம்.

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம், எனக்கு எட்டு வயது, அக்காவைப் பெண் பார்க்கக் கூடலூரிலிருந்து வில்வண்டி கட்டி வந்தார்கள். சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் ‘கை நனைப்பார்கள்’. இல்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். அவர்கள் சாப்பிடச் சம்மதித்ததும் வீடே பரபரத்தது. கூட்டு வைப்பது அக்கா. காய்களைக் கடித்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அம்மா ஒரே ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையை இறக்கினாள். அவளுக்கு ஒன்று போதுமென்றால் எனக்கு மட்டும் பத்து எதற்கு? ஒரு காயைக் கடித்தேன், இனித்தது, எல்லாம் நல்ல காய் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டை வாயில் வைத்ததும் மாப்பிள்ளையின் தாயாருக்கு முகம் சுருங்கியது. அவர் கையை உதறி எழுந்தால் அக்காவின் கல்யாணப் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். பயத்தில் அழுதுகொண்டே, “சோத்துல அம்மா ஒண்ணத்தான பாத்தாக, நானும் ஒரு காயத்தான் கடிச்சேன்” என்று உளறிவிட்டேன்.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏ ஆத்தா, சோறும் பீர்க்கங்காயும் ஒண்ணா? சரி, மோர ஊத்தச் சொல்லு, சாப்புடுறோம்” என்றார்.

அவர்கள் போனதும் அம்மா, “எம்புட்டுத் தங்கமான மனுசி! அந்த வீடே அப்பிடித்தான் இருக்கும்” என்றாள். மாப்பிள்ளையைப் பற்றி மேற்கொண்டு யாரும் விசாரிக்கவில்லை, கல்யாணம் முடிந்தது. மாமியார் கடைசிவரை தங்கமாகத்தான் இருந்தார். மாப்பிள்ளை கை நீட்டுகிறவர். இரண்டாம் வருஷம் அக்கா வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தாள், பிறகு போகவில்லை. எட்டு வயதுக்காரி ஏமாந்தது சரி, பிள்ளை பெற்று வளர்த்த அம்மாவும் அதே நாளில் அதே மாதிரி ஏமாந்தாளே! எதற்கு ஒன்று போதும், எதற்குப் போதாது என்பதை மனிதர்கள் எங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்? யோசிக்க யோசிக்க எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போது சந்தைக்கு வரும் பீர்க்கங்காய் கசப்பதே இல்லை. நுனி கடிக்கும் பழக்கமும் போய்விட்டது, அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தபோது, என் மகளைப் பார்க்க வந்தவர்கள் சாப்பிடச் சம்மதித்தார்கள். வாய் நிறையச் சிரித்துப் பேசிய மாப்பிள்ளையின் தாயாரிடம் நான் சொன்னேன்: “கொஞ்சம் பொறுங்க மதினி. எங்க அக்கா மாப்பிள்ளைகிட்டத் தனியா நாலு வார்த்த பேசிட்டு வரட்டும். பெறகு இலை போடுவோம்.”