அக்கா என்னை மாத்தயா என்றாள்

குருவிட்ட வழியாகச் சிவனொளிபாதமலைக்குத் தோட்டத்து ஆட்களோடு ஏறினேன். எனக்கு மூட்டுவலி என்பதால், ரப்பர் பால் வெட்டும் என் அக்காதான் என் பையையும் சுமந்தாள். வழியில் ஒரு தேநீர்க் கடையில் என்னோடு வங்கியில் வேலை செய்யும் சிங்கள நண்பரைக் கண்டேன். அரோகரா போட்டுக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்தைக் காட்டி, "இவங்களோடயா வந்தீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்ல, தனியாத்தான் வந்தேன்."

பின்னால் நின்ற அக்காவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். அவள் பையை நீட்டி, "இந்தாங்க மாத்தயா, உங்க பை" என்று யாரோ ஒரு துரையிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தாள். நண்பர் அவளுக்கு நன்றி சொன்னார். நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

உச்சியில் அவள் எல்லோருக்கும் திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். என் முன்னால் நின்று, "கண்ண மூடுடா, உள்ள விழுந்துரும்" என்றாள். மூடிய கண்ணைத் திறந்து அவளைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இன்றுவரை மன்னிப்பும் கேட்கவில்லை.